மேடத்தின் தப்பு, என் தப்பு

அந்த மேடத்தை முதல் தடவை பார்த்தபோது அவர் என்னைத் திட்டினார். இரண்டாம் தடவை பார்த்தபோது மன்னிப்புக் கேட்டார். நடுவில் எட்டு நாள்தான்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டவுன்ஷிப் வீடுகள், மீன் கம்பெனியின் ஐஸ் ரூம், மகாபலிபுரம் பக்கத்து ஓட்டல்கள் என்று வேலைக்குக் குறைவில்லை. அப்போது ஈ.சி.ஆர். ஓரமாக ஒரு தனியார் காலேஜில் மேடத்துக்கு ஒரு லேப் இருந்தது. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு டீப் ஃப்ரீசர். மைனஸ் எண்பது டிகிரி. ஈரக்கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அது கூலிங் பிடிக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். போய் கேஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் மறுபடி அதே கதை. மேடம் தன்னுடைய இரண்டு ஆராய்ச்சி மாணவிகளை வைத்துக்கொண்டே, "நீங்க பார்த்தது வேலையே இல்ல" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

எட்டாம் நாள் என் கடை வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டி வந்து நின்றது. காட்டன் புடவை, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ, ஹெல்மெட்டில் நசுங்கிப்போன கொஞ்சம் மல்லிகை. ஐம்பது வயது இருக்கும்.

"சார், ஃப்ரீசர் கதவு ரப்பர்ல ஒரு பிளாஸ்டிக் ரேக்கோட மூலை மாட்டிக்கிட்டிருந்தது. நான் வச்ச ரேக்தான். கதவு சரியா மூடல. உங்க வேலையில தப்பே இல்ல. நான் சொன்னதுதான் தப்பு."

"பரவால்ல மேடம், இன்னா இப்போ."

"இல்ல, அந்தப் பொண்ணுங்க முன்னாடிதானே சொன்னேன். அவங்க முன்னாடிதான் இதையும் சொல்லணும். எப்போ வர முடியும்?"

போனேன். அந்த இரண்டு பெண்களையும் நிற்கவைத்து, நடந்ததை வரிசையாகச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு கூச்சப்பட்டதில்லை.

அன்றிலிருந்து அந்த லேபில் குளிர்ச்சி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான். என்னை 'சார்' என்று கூப்பிட்ட படித்தவர் அவர் ஒருவர்தான்.

தான் சொன்னது தப்பு என்று சொல்வது மேடத்துக்கு ஒரு விஷயமே இல்லை. காபி ஆறிப்போச்சு என்று நாம் சொல்வோமே, அந்த மாதிரிச் சொல்லிவிடுவார். வகுப்பில் திங்கட்கிழமை நடத்தியதைச் செவ்வாய்க்கிழமை திருத்துவார். நோட்டில் எழுதியது தப்பானால் ஒற்றைக் கோடுதான் போடுவார், கிறுக்கி மறைக்கமாட்டார். "கீழ இருக்கறது படிக்கற மாதிரி இருக்கணும்" என்று மாணவிகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். காலேஜ் வாட்ச்மேன் ஒரு தடவை சொன்னார்: "அந்தம்மா எதிர்ல வந்தாலே, நாமளும் இன்னாத்தியாவது ஒத்துக்கணும் போல கீதுப்பா."

அவருக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். மலைமேல் உச்சிவேளையில் இரண்டு கழுகு வந்து சோறு சாப்பிட்டுப் போகும் என்பது ஊரறிந்த கதை. இவருக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒருநாள் ஒரு கழுகுதான் வந்ததாம். இறங்கிவந்தவர்கள் எல்லோரும் ரெண்டு பார்த்தோம் என்றார்களாம். இவருடைய அம்மாவும் அப்படியே சொல்ல, இவர் ஒண்ணுதான் என்று அடம்பிடித்து அடி வாங்கியிருக்கிறார்.

"அதுக்கப்புறம் என்ன பண்ணேன் தெரியுமா சார்? மறுநாள் தனியா மலையேறினேன். ஒருவேளை நான்தான் நடுவுல கண்ணை மூடிட்டேனோன்னு எனக்கே சந்தேகம்."

"மறுநாள் எத்தினி வந்துச்சு?"

"ரெண்டு. ஆனா அதனால முதல் நாள் ரெண்டுன்னு ஆயிடாதே. இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

இதையெல்லாம் அவர் சொன்னது ஃப்ரீசருக்குக் கம்ப்ரசர் மாற்றிய அன்று. மாற்றி முடித்தபின் மைனஸ் எண்பதுக்கு இறங்க அரை நாள் ஆகும். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, வெப்பமானியில் நம்பர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எலுமிச்சைச் சாத டப்பாவை என் பக்கமும் நகர்த்திவைத்தார். வைரஸ் பக்கம் எப்படி வந்தீங்க மேடம் என்று, பேச்சுக்குத்தான் கேட்டேன்.

முதலில் அவர் வைரஸ் ஆராய்ச்சியிலேயே இல்லை. உடம்புக்குள் இருக்கும் புரதங்களின் உருவத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவர் படித்த படிப்பு. கற்கண்டு கட்டுவது போலப் புரதத்தை மணிமணியாகக் கட்டவைத்து, அதில் எக்ஸ்ரே பாய்ச்சி, சிதறி விழும் புள்ளிகளைக் கணக்குப் போட்டு உருவத்தை வரைவார்களாம். வரைந்தது பளிச்சென்று இருக்காது. பனிமூட்டத்தில் மரம் தெரிகிற மாதிரிதான் இருக்கும். எது கிளை, எது பனி என்று கண்தான் சொல்ல வேண்டும்.

ஒரு புரதத்தோடு பத்து வருடம் இருந்தார். அதன் மடிப்புக்குள் ஒரு மருந்து போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாக எழுதினார். பெரிய பேர் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் அதை வைத்து மேலே மேலே ஆராய்ச்சி செய்தார்கள். பிறகு ஒருநாள், புதிதாக வந்த மாணவிக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பழைய படத்தையே எடுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பெண் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணுமே இல்லயே மேடம்" என்றாளாம்.

"பார்த்தேன். ஒண்ணுமே இல்ல சார். வெறும் பனி. அங்க மருந்து இருக்கணும்னு ஆசைப்பட்டேன், இருந்தது."

"அப்புறம்?"

"மூணு வாரம் சரியாச் சாப்பிடல. எங்க லேப் பெரியவர், அதை அப்படியே விடும்மா, யாரு போய்த் தோண்டப் போறாங்கன்னார். எழுதிப் போட்டுட்டேன், நான் சொன்னது தப்புன்னு."

அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு அவர்மேல் வெறும் மரியாதை மட்டும் இருந்திருக்கும். அவர் மானியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "அந்தக் கட்டுரையில என்கூட ஒரு பொண்ணு பேரும் இருந்தது. அவளுக்கு அப்பத்தான் ஒரு நல்ல இடத்துல வேலை கிடைக்க இருந்தது. கிடைக்கல. இன்னிக்கும் என்கிட்ட பேசறதில்ல. அவ பேசாததுல தப்பில்ல."

பழைய இடத்தில் இருக்க முடியாமல் இந்தக் காலேஜுக்கு வந்தார். இங்கே கடலோரம் முழுக்க இறால் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரிகளும் பண்ணைகளும்தானே. இறாலுக்கு வரும் ஒரு வைரஸை எடுத்துக்கொண்டார். வால் பக்கம் சதை வெளுத்து, கொத்துக் கொத்தாகச் சாகும் நோய்.

"வைரஸோட ஓடு இருக்கே, கால்பந்து மாதிரி. ஒரே துண்டை அறுபது இடத்துல வச்சுத் தச்ச மாதிரி இருக்கும். ஒரு இடத்துல நான் ஆசைப்பட்டு எதையாவது பார்த்துட்டேன்னு வைங்க, மத்த அம்பத்தொம்போது இடமும் இல்லைன்னு சொல்லிடும். எனக்கு அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது சார். அதனாலதான் வைரஸ்."

சாயங்காலம் நாலரைக்கு மானி மைனஸ் எண்பதைக் காட்டியது. நான் டூல் பையைக் கட்டினேன்.

இனி நான் சொல்ல வேண்டியது என் விஷயம்.

அந்த ஃப்ரீசரில் ஒரு அலாரம் உண்டு. உள்ளே சூடு ஏறினால், கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் கத்தும். ஆனால் நம்ம ஊர் வோல்டேஜுக்கு அது சும்மாவும் கத்தும். வாரத்துக்கு மூன்று தடவை வாட்ச்மேன் போன் செய்வார், நான் ஓடுவேன், ஒன்றும் இருக்காது. ஒருநாள் பேஜாராகிப்போய் அலாரம் ஒயரைப் பிடுங்கி, முனையில் டேப் சுற்றிவிட்டேன். சென்னையிலிருந்து புது போர்டு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. போர்டும் வரவில்லை. எனக்கும் மறந்துவிட்டது.

என் மனைவியின் தம்பி, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே உப்பங்கழி ஓரத்தில் இறால் வளர்க்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தான்.

"மாமா, வடக்குப் பாண்டுல பத்து இறால் ஒரு மாதிரி சோம்பிக்கினு கரையோரமா கீது. அந்தம்மாகிட்ட காட்டேன். தண்ணி மாத்தணும், மாத்தலாமா வேணாமான்னு தெரில."

பண்ணையில் பாண்டு என்கிற வளர்ப்புக் குளத்தின் அழுக்குத் தண்ணீரைக் கழியில் திறந்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர் ஏற்றுவார்கள். அதே கழியிலிருந்துதான் கீழே உள்ள பண்ணைக்காரர்கள் மோட்டார் போட்டு இழுப்பார்கள். நோய் இருக்கும் தண்ணீரைத் திறந்தால் எல்லோருக்கும் போய்ச் சேரும். நானே அந்த இறாலை மாதிரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் ஃப்ரீசரில் வைத்தார். திங்கட்கிழமை டெஸ்ட் செய்தார். நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மச்சான் தண்ணீரைத் திறந்தான்.

பத்து நாளில் அவன் பாண்டு வெளுத்துக் கிடந்தது. இரண்டு வாரத்தில் கழியின் கீழே ஐந்து பேருடைய பாண்டு. தெரிந்தே திறந்துவிட்டான் என்று ஊரே மச்சானைப் பேசியது. அவன் காட்டிய ரிப்போர்ட்டை, சொந்தக்காரனை வைத்து வாங்கினது என்றார்கள். பண்ணைக்காரர்கள் சங்கத்தில் சேர்க்கமாட்டோம், கழியில் மோட்டார் இறக்கக்கூடாது என்று முடிவாக இருந்தது. அதற்காகக் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடாமல் மேடம் வந்தார்.

சங்கக் கொட்டகையில் நாற்பது பேர் இருப்பார்கள். நான் பின்னால் கதவோரம் நின்றிருந்தேன்.

"நோய் இல்லன்னு எழுதினது நான். அது தப்பு. இவர் தண்ணி திறந்தது என் பேச்சை நம்பித்தான்."

சங்கத் தலைவர் பெரிய வயசுக்காரர். அவர் பாண்டும் அந்த ஐந்தில் ஒன்று. "தப்புன்னா இன்னா தப்பு? எய்த்துத் தப்பா?" என்றார்.

"இல்ல. டெஸ்ட் பண்ணும்போது, அதே ஃப்ரீசர்ல வச்சிருக்கற, நோய் கண்டிப்பா இருக்கற ஒரு மாதிரியையும் கூடவே ஓட்டுவோம். அதுல கோடு வந்தாத்தான் டெஸ்ட் சரியா நடக்குதுன்னு அர்த்தம். அன்னிக்கு அது மங்கலாத் தெரிஞ்சது. தெரிஞ்சதுன்னு நினைச்சேன். நீங்க எல்லாரும் தண்ணிக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க, நல்ல சேதி சொல்லணும்னு இருந்தது. நேத்து அந்த டெஸ்ட் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அங்க கோடே இல்ல."

யாரோ ஒருவர் எழுந்தார். "டெஸ்டுக்கு மொத நாள் ஞாயித்துக்கெயம பூரா கரண்ட் இல்லியே. அதுல மாதிரி கெட்டுப் பூட்டுருக்குமா?"

"அதையும் யோசிச்சேன். ஃப்ரீசர் சூடாகியிருந்தா அலாரம் அடிச்சிருக்கும். வாட்ச்மேனைக் கேட்டேன், அடிக்கலன்னார். அதனால ஃப்ரீசர் மேல பழி போட முடியாது."

அப்போதுதான் டேப் சுற்றிய அந்த ஒயர் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அதன்பிறகு அவரைத் திட்டினார்கள். படித்த பொம்பளை என்று நம்பினோமே என்பதில் ஆரம்பித்து, எழுத முடியாத வார்த்தை வரைக்கும் போனது. நாற்காலி இருந்தும் அவர் உட்காரவில்லை. கேள்வியாக வந்ததற்கெல்லாம் பதில் சொன்னார். திட்டாக வந்ததைக் கேட்டுக்கொண்டார். கூட்டம் கலையும்போது மச்சான்மேல் இருந்த பழி போய்விட்டிருந்தது. முழுவதும் மேடத்தின் தலையில் இருந்தது.

காலேஜில், மாணவி பாட்டிலை மாற்றி வைத்துவிட்டாள் என்று ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்களாம். எழுதமாட்டேன் என்றுவிட்டார். அந்த செமஸ்டரோடு வேலையும் போனது.

சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி பேசிக் கொடுத்தது நான்தான். புத்தகப் பெட்டிகளை ஏற்றி, கயிறு கட்டி முடித்து, வண்டிக்காரர் டீ குடிக்கப் போன பிறகு சொன்னேன். அலாரம் ஒயரை நான் பிடுங்கிவிட்டேன் மேடம், இப்போதும் டேப்போடுதான் தொங்குகிறது என்று.

அவர் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"எப்போ பிடுங்கினீங்க?"

"ரெண்டு மாசம் முன்னாடி. மச்சானோட இறால் வர்றதுக்கு முன்னாடியே."

எழுதிக்கொண்டார். பிறகு நோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அலாரம் அடிச்சிருந்தா நான் அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுட்டு வேற கேட்டிருப்பேன். அது உங்களுது. இல்லாத கோட்டைப் பார்த்தது என்னுது. அலாரம் இருந்தாலும் இல்லாட்டியும் அது என்னுதுதான். ரெண்டையும் போட்டுக் கலக்காதீங்க."

"கோவமா மேடம்?"

"ஆமா. கொஞ்ச நாள் இருக்கும்."

"சங்கத்துல சொல்லணுமா?"

"அதை என்னைக் கேட்டா எப்படி சார்?"

வண்டிக்காரர் வந்துவிட்டார். மேடம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி செங்கல்பட்டு ரோட்டில் திரும்பும்வரை நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்ல நாற்பது நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் மச்சான் வீட்டுக்கு இரண்டு தடவை சாப்பிடப் போனேன், சொல்லவில்லை. மூன்றாம் தடவை பண்ணைக்கே போனேன். காலி பாண்டுக்குள் இறங்கி சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தான். கரையில் நின்றபடியே சொல்லி முடித்தேன். சட்டியைக் கீழே வைத்தான்.

"அந்தம்மா சங்கத்துக்கு வந்த அன்னிக்கு நீ அங்கதானே இருந்த மாமா?"

"இருந்தேன்."

"எங்க?"

"பின்னால. கதவாண்ட."

"அவங்கள அந்தப் பேச்சுப் பேசும்போதும் அங்கதான் நின்னுகினு இருந்தியா?"

"அங்கதான்."

சுண்ணாம்புக் கையோடு என்னையே பார்த்தான். பிறகு, "அக்காவுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"போய் அவகிட்ட மொதல்ல சொல்லு. அப்பால இங்க வா."

மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாள் அவள் எனக்குத் தட்டு வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானே என்னைச் சங்கத்துக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போனான். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மேடத்துக்குக் கிடைத்த திட்டு எனக்குக் கிடைக்கவில்லை. நான் அவர்கள் ஊர் ஆள், ஆம்பளை என்பதால் இருக்கலாம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. தலைவர் மட்டும், "அந்தம்மா நம்பர் கீதா உன்னாண்ட?" என்று கேட்டார்.

அங்கேயே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தோம். வடக்கே ஒரு ஊரில், பெரிய மைக்ராஸ்கோப் இருக்கும் இடத்தில் மேடத்துக்கு வேலை கிடைத்திருந்தது. சொந்த லேப் கிடையாது, வேறொருவரின் கீழே. தலைவர் தொண்டையைச் செருமி, "அன்னிக்கு ரொம்பப் பேசிட்டோம்மா" என்றார்.

"பேசினதுல என் பங்குக்கு உள்ளது சரிதான்" என்றார் மேடம். "இறால் எப்படி இருக்கு?"

"இந்தத் தபா இன்னும் குஞ்சு வுடல. ஹேச்சரிலேயே ரெண்டு தொட்டி வெளுத்துப் போச்சாம்."

"வெளுத்ததைக் கொட்டிடாதீங்க. எனக்கு அனுப்ப முடியுமா?"

உலர் பனிக்கட்டி வைத்துப் பெட்டி கட்டியது நான். மூன்று தடவை அனுப்பினோம். ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வைத்தேன். போய்ச் சேர்ந்ததும் அதன் நம்பரை மேடம் எனக்கு மெசேஜில் அனுப்புவார். வேறு எதுவும் எழுதமாட்டார். கோபம் இருந்ததா, போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து சங்கத்து விலாசத்துக்கு நீளமான அட்டைக் குழல் ஒன்று வந்தது. உள்ளே சுருட்டிய படம், ஒரு முழ அகலம். பந்து மாதிரி உருண்டையாக, நீலமும் மஞ்சளுமாக, முகடு முகடாக, ஒன்றுபோலவே திரும்பத் திரும்ப அமைந்த ஒரு பொருள். வந்திருந்தவர்கள் மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இதுவா?" என்றார் தலைவர். "இதுவா நம்மள அய்ச்சது? இம்மாம் அயகா கீது."

படத்தில் வலதுபக்கம் ஓரிடத்தில் பேனாவால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் மேடத்தின் கையெழுத்தில் தமிழில் ஒரு வரி. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இந்த இடம் எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை."

நான் ஆணியும் சுத்தியுமாக ஸ்டூலில் ஏறி, படத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தேன். வட்டம் போட்ட இடத்துக்கு முன்னால் கொட்டகையின் மூங்கில் தூண் குறுக்கே வந்தது.

"தம்பி, கொஞ்சம் இப்பிடி தள்ளி அடி" என்றார் தலைவர். "அந்த எடம் மறையுது."